மணி போயிற்று, மரப்பட்டை பேசிற்று
நோவ்கரோட் நகரில் ஒரு நாள்

நம் நாட்டில் புதூர் என்று பெயர் வாய்ந்த ஊர்களில் பல, பக்கத்து ஊர்களைவிடப் பழமையானவை. பெயர் வைத்த காலத்தில் ஊர் புதிதாயிருந்தது. பிறகு ஊருக்கு வயதாயிற்று, பெயருக்கு மட்டும் வயதாகவில்லை. ருஷ்யாவிலும் அத்தகைய புதூர் ஒன்று இருக்கிறது. நோவ்கரோட் என்பது அதன் பெயர். ருஷ்ய பாஷையில் 'புது நகரம்' என்று அர்த்தம். அந்தப் புது நகரத்தைப் பற்றி ருஷ்யாவின் பழைய ஆண்டுக் குறிப்புகள் கி. பி. 859-ஆம் வருஷத்திலேயே பேசத் தொடங்கிவிடுகின்றன. வால்கா நதிக்கரையிலும் நோவ்கரோட் என்று ஒரு நகரம் உண்டு. அதிலிருந்து பிரித்தறியவும், பழம் பெருமையை நினைவூட்டவும், 1999-ஆம் வருஷம் முதல் இந்நகரை 'வெலிக்கி நோவ்கரோட்', அதாவது 'மகா நோவ்கரோட்' என்று வழங்குகிறார்கள்.

பண்டைக் காலத்தில் இதற்கு இன்னும் பெரிய பட்டம் ஒன்று இருந்தது. 'பிரபு மகா நோவ்கரோட்' என்பது அது. அரசனைப் பிரபு என்று அழைப்பது உலக வழக்கம். இந்த ஊர் ஜனங்களோ தங்கள் ஊரையே பிரபு என்று அழைத்தார்கள். இங்கே எஜமானன் யார் என்ற கேள்விக்கு அவர்கள் அளித்த விடை அதுதான்.

அந்தப் பட்டத்தின் கதையைத் தெரிந்துகொள்ளும் ஆவலுடன், கோடைகாலத்தில் ஒரு நாள் காலை பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்து ரயிலேறினோம். தெற்கே சுமார் 120 மைல் பிரயாணம். எங்கள் கோஷ்டியில் இருபது பேர். பள்ளிக்கூட உபாத்தியாயர்கள், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள், குடும்பத்துடன் வந்தவர்கள், குழந்தைகள் என்று எல்லா ரகமும் உண்டு. எங்களுக்கு வழிகாட்டியாக அமைந்தவர், சரித்திரம் போதித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார். வெள்ளைத் தலை, வேகமான நடை. கூட்டத்தில் பின்தங்கியவர்களை அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் வகுப்பறை இன்னும் மிச்சமிருந்தது.

கோட்டைக்குள்

நகரத்தின் நடுவே வோல்கவ் நதி ஓடுகிறது. இல்மென் ஏரியில் பிறந்து வடக்கே லடோகா ஏரியில் சென்று கலக்கும் நதி அது. மேற்குக் கரையில் கோட்டையும் பெரிய தேவாலயமும் இருக்கின்றன. அது ஸோஃபியாப் பக்கம். கிழக்குக் கரையில் பழைய கடைவீதி. அது சந்தைப் பக்கம். ஒரு கரையில் தெய்வம், மறு கரையில் வியாபாரம், நடுவில் ஒரு பாலம் என்று நகரத்தின் அமைப்பு நொடியில் மனத்தில் பதிந்துவிடுகிறது.

முதலில் கோட்டைக்குச் சென்றோம். சிவந்த செங்கல் மதில். சுற்றளவு ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு. ஒன்பது கொத்தளங்கள் இன்னும் நிற்கின்றன. "எவ்வளவு கம்பீரம்!" என்று எங்களில் ஒருவர் வியந்தார். "கம்பீரம்தான். ஆனால் நீங்கள் பார்க்கும் மதிலில் பெரும்பகுதி, நகரம் சுதந்திரத்தை இழந்த பிறகு, மாஸ்கோவின் ஆட்சியில், 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது" என்றார் வழிகாட்டி அம்மையார். கேட்டவர் மதிலை மறுபடியும் பார்த்தார். கம்பீரம் சற்றுக் குறைந்தாற்போல் இருந்தது.

மதிலுக்குள்ளே நிற்கும் ஸோஃபியா தேவாலயம் மதிலைவிட மிகப் பழையது. 1045-ஆம் வருஷம் தொடங்கி 1050-இல் முடித்தார்கள். தடித்த வெள்ளைச் சுவர்கள்; நடுவே பொன் பூசிய குவிமாடம். மேற்கு வாயிலில் 12-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் வார்த்த வெண்கலக் கதவுகள் இருக்கின்றன. வேதக் கதைகளைச் சிற்பமாகச் செதுக்கிய அக்கதவுகளின் ஓரத்தில், கையில் கருவிகளுடன் சில சிறு உருவங்கள் நிற்கின்றன. அவை கதவைச் செய்த தொழிலாளிகளின் உருவங்கள். தேவர்களோடு தங்களையும் ஒரு மூலையில் நிறுத்திக்கொள்ளும் துணிவு அவர்களுக்கு இருந்தது.

குவிமாடத்தின் உச்சியில் ஒரு சிலுவை. சிலுவையின் மேல் உலோகத்தாலான ஒரு புறா. 1570-ஆம் வருஷத்தில் பயங்கர இவான் என்று பெயரெடுத்த ஜார் அரசன் தன் படையுடன் இங்கு வந்து, ஆயிரக்கணக்கான ஜனங்களைக் கொன்று நதியில் எறிந்தான். அப்போது சிலுவைமேல் வந்தமர்ந்த ஒரு புறா, கீழே நடந்ததைப் பார்த்த மாத்திரத்தில் கல்லாய்ச் சமைந்துவிட்டதாம். அந்தப் புறா இருக்கும்வரை நகரம் பிழைத்திருக்கும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியருடன் சேர்ந்து போரிட்ட ஸ்பானியப் படையினர் அச்சிலுவையை எடுத்துச் சென்றார்கள். 2004-ஆம் வருஷம் ஸ்பெயின் அதைத் திருப்பிக் கொடுத்தது. இப்போது உச்சியில் இருப்பது பிரதி. அசல் சிலுவை தேவாலயத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.

வெளியே மணி மண்டபத்தின் அடியில், 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிய வெண்கல மணிகள் தரையில் வரிசையாக நிற்கின்றன. ஆள் உயரத்துக்கும் மேலே. எங்கள் கோஷ்டிக் குழந்தைகள் அவற்றைத் தட்டிப் பார்க்க ஓடினார்கள். "புகழ்பெற்ற சபை மணி இவற்றில் எது?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். அம்மையார் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அது இங்கே இல்லை. அந்தக் கதையைச் சொல்ல வேண்டிய இடம் நதிக்கு அக்கரையில் இருக்கிறது" என்றார்.

ஒலிக்காத மணி

கோட்டையின் நடுவில் ஒரு பெரிய ஞாபகச் சின்னம். ருஷ்ய ராஜ்யத்தின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாட 1862-ஆம் வருஷத்தில் இரண்டாம் அலெக்ஸாந்தர் சக்ரவர்த்தி திறந்து வைத்தது. அமைத்தவர் மிகேஷின் என்ற இளம் கலைஞர். உயரம் சுமார் 50 அடி. தூரத்திலிருந்து பார்த்தால் அது ஒரு பிரம்மாண்டமான மணியைப் போலவே தோன்றுகிறது. அரசர்கள், சேனாதிபதிகள், துறவிகள், கவிகள் என்று நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் அதைச் சுற்றி நிற்கின்றன.

அக்கூட்டத்தில் பயங்கர இவான் இல்லை. ருஷ்யாவின் பெயரெடுத்த ஜார் அரசர்களில் ஒருவன். ஆயினும் நோவ்கரோட் மண்ணில் அவனுக்கு இடமளிக்க ஒரு சக்ரவர்த்தியின் அரசாங்கமே துணியவில்லை. ஆனால் அங்கே ஒரு பெண் நிற்கிறாள். தலை கவிழ்ந்திருக்கிறது, காலடியில் உடைந்த மணி ஒன்று கிடக்கிறது. அவள் பெயர் மார்ஃபா. அவளுடைய கதையும் அக்கரையில்தான் சொல்லப்படும் என்று அம்மையார் கைகாட்டிவிட்டு, முதலில் யுத்தத்தின் கதையைச் சொன்னார்.

1941-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மானியர் நகரைப் பிடித்தனர். ஊரைவிட்டுப் போவதற்கு முன் இந்த ஞாபகச் சின்னத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி, தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார்கள். 1944-ஆம் வருஷம் ஜனவரி 20-ஆம் தேதி சோவியத் படை நகரை மீட்டபோது, மன்னர்களும் கவிகளும் பனியில் சிதறிக் கிடந்தார்கள். குடியிருப்பு வீடுகளில் சேதமின்றி நின்றவை சுமார் 40. ஜனங்களுக்குத் தலைக்கு மேல் கூரை இல்லை, யுத்தமும் முடியவில்லை. ஆயினும் அதே வருஷம் நவம்பர் மாதத்தில் ஞாபகச் சின்னம் மறுபடியும் எழுந்து நின்றது.

நகருக்கு வெளியே வோலத்தவோ என்னுமிடத்தில் 14-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று பீரங்கிக் குண்டுகளால் மண்மேடாயிற்று. அதன் சுவர்களை அலங்கரித்த சித்திரங்கள் சில்லுச் சில்லாகிவிட்டன. இடிபாடுகளைச் சலித்து அவர்கள் பொறுக்கிய சில்லுகள் சுமார் 17 லட்சம். அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி முகங்களையும் கைகளையும் மீட்டு வருகிறார்கள். ஒரு ஜாதியார் தம் பழமையை நேசிக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

நதிக்கு அக்கரை

நண்பகல் உணவுக்குப் பின் பாலத்தைக் கடந்தோம். முட்டைக்கோசு ரசமும் கறுப்பு ரொட்டியும் எல்லோருக்கும் பிடித்தன என்று சொல்ல முடியாது. ரொட்டியைப் புளிக்க வைத்து இறக்கிய 'குவாஸ்' என்ற பானம் மட்டும் எங்களில் பலருக்கு நீராகாரத்தின் தூரத்து உறவாகத் தோன்றி, வெகு சீக்கிரத்தில் தீர்ந்து போயிற்று.

இப்போதுள்ள பாலம் புதிது. பழைய காலத்து மரப்பாலத்தில்தான் இரு கரையாரும் கைகலப்பார்களாம். சபையில் ஒத்துவராத கட்சிகள் பாலத்தில் மோதிக்கொள்வதும், தோற்றவர்கள் நதியில் விழுவதும் ஆண்டுக் குறிப்புகளில் காணும் செய்திகள்.

அக்கரையில் வெள்ளைச் சுவர்த் தேவாலயங்கள் நெருங்கி நிற்கும் ஒரு புல்வெளி. 1113-ஆம் வருஷத்தில் எழுந்த நிக்கலாஸ் தேவாலயம் இங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் இதைச் சுற்றித்தான் சந்தை. மரநாய்த் தோல், அணில் தோல், தேன்மெழுகு இவையெல்லாம் வடநாட்டுக் காடுகளிலிருந்து இங்கு வந்து, ஜெர்மானிய வர்த்தகர்கள் மூலமாக ஐரோப்பா முழுதும் சென்றன. பதிலுக்கு வெள்ளியும் கம்பளித் துணியும் வந்தன. அருகிலுள்ள யோவான் தேவாலயத்தில் நகரத்தின் படிக்கல்லையும் முழக்கோலையும் பாதுகாத்து வைத்திருந்தார்கள். கடவுளின் சந்நிதியில் அளவுகோலை வைத்தால் வியாபாரி பயப்படுவான் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம்.

இந்தப் புல்வெளியில்தான் 'வேச்சே' கூடிற்று. வேச்சே என்றால் ஊர்ச்சபை. மணி ஒலித்தால் சபை கூடும். 1136-ஆம் வருஷத்தில் நோவ்கரோட் ஜனங்கள் தங்கள் அரசகுமாரனைச் சிறைவைத்துப் பின்பு ஊரைவிட்டே அனுப்பினார்கள். அன்று முதல் அரசகுமாரன் என்பவன் அவர்கள் அழைத்தால் வருபவன், வேண்டாமென்றால் போகிறவன். அவன் கோட்டைக்குள் குடியிருக்கக் கூடாது. நோவ்கரோட் நிலத்தில் சொத்து வாங்கக் கூடாது. நகரத் தலைவர் பக்கத்தில் இல்லாமல் நியாயம் விசாரிக்கக் கூடாது. இந்த நிபந்தனைகளை எழுதி, அவனைச் சிலுவைமேல் சத்தியம் செய்ய வைத்துவிட்டுத்தான் வாளைக் கையில் கொடுத்தார்கள்.

மதத் தலைவரைத் தேர்ந்தெடுத்த முறை எங்களுக்கு மிகுந்த ஆச்சரியத்தைத் தந்தது. மூவரின் பெயர்களை எழுதி, ஸோஃபியா தேவாலயத்தின் பலிபீடத்தில் வைப்பார்கள். கள்ளமற்ற கை ஒன்று சீட்டை எடுக்கும். 1193-ஆம் வருஷத்தில் ஒரு குருடரை அழைத்து எடுக்கச் சொன்னார்கள். 1229-இல் ஒரு சிறு பிள்ளை எடுத்தான். இதைக் கேட்டவுடன் எங்களில் பலர் ஒரே குரலில் "உத்தரமேரூர்!" என்றோம். 10-ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்த குடவோலை முறையை அம்மையாருக்கு விளக்கினோம். அவர் கைப்புத்தகத்தைத் திறந்து குறித்துக்கொண்டார். ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஜனசமூகங்கள், அதிகாரத்தின்மீது ஒரே மாதிரிச் சந்தேகமும் குழந்தையின் கைமீது ஒரே மாதிரி நம்பிக்கையும் கொண்டிருந்தன!

சபை மணி போன கதை

ஆயினும் நோவ்கரோட் குறையற்ற குடியரசு அல்ல. அம்மையார் இதை மறைக்கவில்லை. நிலமும் செல்வமும் படைத்த சில பெருங்குடும்பங்களே பதவிகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டன. காலம் செல்லச் செல்ல அவர்கள் பிடி இறுகிற்று. சாமானியனின் பங்கு சுருங்கிற்று. அதே காலத்தில் மாஸ்கோவின் பலம் வளர்ந்தது.

மார்ஃபா, நகரத் தலைவர் ஒருவரின் விதவை. மாஸ்கோவுக்கு அடங்குவதைவிட லித்துவேனியாவோடு உறவு கொள்வது மேல் என்று வாதித்த கட்சிக்கு அவளே உயிர்நாடி. 1471-ஆம் வருஷத்தில் ஷெலோன் நதிக்கரையில் நடந்த யுத்தத்தில் மாஸ்கோவின் மூன்றாம் இவான் நோவ்கரோட் படையை முறியடித்தான். 1478-ஆம் வருஷத்தில் நகரம் பணிந்தது. நகரைக் கொளுத்தும்படி இவான் உத்தரவிடவில்லை. சபை கூடாது, நகரத் தலைவர் பதவி கிடையாது, மணி இருக்கக் கூடாது என்று மட்டும் உத்தரவிட்டான். மணியை இறக்கி வண்டியில் ஏற்றினார்கள். மார்ஃபாவையும் கைதியாகக் கொண்டு சென்றார்கள்.

மணி மாஸ்கோவுக்குப் போய், அங்கே மற்ற மணிகளோடு மணியாகத் தொங்கிற்று என்பது சரித்திரம். ஜனங்கள் இதை ஒப்பவில்லை. வழியில் வல்தாய்க் குன்றுகளில் மணி வண்டியிலிருந்து உருண்டு ஆயிரம் துண்டாயிற்று, ஒவ்வொரு துண்டும் ஒரு சின்ன மணியாயிற்று என்று கதை கட்டினார்கள். பிற்காலத்தில் ருஷ்யா முழுவதும் குதிரை வண்டிகளில் கிணுகிணுத்த வல்தாய் மணிகளுக்கு ஜனங்கள் கற்பித்த பூர்வோத்தரம் இது. அடிமைப்பட்ட ஜனங்கள், தாங்கள் இழந்ததை இப்படித்தான் ஒளித்து வைத்துக்கொள்கிறார்கள்.

சேற்றுக்குள் கிடந்த சாட்சி

பிற்பகலில் மீண்டும் கோட்டைக்குள் வந்து பொருட்காட்சிச் சாலையில் நுழைந்தோம். களைப்பினால் சிலர் நாற்காலி தேடினார்கள். ஆனால் கண்ணாடிப் பேழைகளுக்குள் சுருண்டு கிடந்த பழுப்பு நிறப் பட்டைகளைப் பற்றி அம்மையார் பேச ஆரம்பித்ததும் நாற்காலிகள் காலியாயின.

நோவ்கரோட்டின் மண் ஈரக் களிமண். தெருச் சேற்றைச் சமாளிக்க மரக்கட்டைகளைப் பரப்பித் தளமிட்டார்கள். அது அமுங்கினால் அதன்மேல் மற்றொரு தளம். ஒரே தெருவில் இப்படி 28 தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அகப்பட்டிருக்கின்றன. அடியில் உள்ளது 10-ஆம் நூற்றாண்டு; மேலே உள்ளது 15-ஆம் நூற்றாண்டு. காற்றுப் புகாத அந்த ஈரத்தில் மரமும் தோலும் மக்குவதில்லை. 1932-ஆம் வருஷம் முதல் ஆர்த்ஸிகோவ்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் இங்கே தோண்டி வந்தார். 1951-ஆம் வருஷம் ஜூலை 26-ஆம் தேதி, நீனா அக்கூலோவா என்ற பெண் தொழிலாளி, தளக்கட்டைகளின் இடுக்கிலிருந்து ஒரு பூர்ஜ மரப்பட்டைச் சுருளை எடுத்தார். அதில் எழுத்துக்கள் தெரிந்தன. அன்றிலிருந்து இந்நகரில் மட்டும் கிடைத்த பட்டைக் கடிதங்கள் 1,100-க்கு மேல்.

மை இல்லை, பேனா இல்லை. எலும்பாலோ உலோகத்தாலோ செய்த எழுத்தாணியால் பட்டையில் கீறியிருக்கிறார்கள். ஓலையும் எழுத்தாணியும் நம் பாட்டனார்களின் வீட்டில் இருந்தவைதானே! ஆதலால் எங்களுக்கு அதிக விளக்கம் தேவைப்படவில்லை. எங்களைத் திகைக்க வைத்தது, எழுதியவர்கள் யார் என்பதே. பழைய ருஷ்யாவில் எழுத்தறிவு மதகுருமார்களுக்கும் பிரபுக்களுக்கும் மட்டும் உரியது என்று பலரும் எண்ணியிருந்தார்கள். பட்டைகளோ வேறு கதை சொல்லின. கடன் கணக்கு, வீட்டுக்குச் சொல்லும் செய்தி, மறந்துவிட்டு வந்த சட்டையை அனுப்பும்படி மனைவிக்கு ஒரு கணவன் எழுதியது, ஒரு பெண்ணை மணந்துகொள்ளக் கேட்டு ஓர் இளைஞன் எழுதியது என்று சாதாரணக் குடும்பங்களின் வாழ்க்கையே அங்கு விரிந்து கிடந்தது. 12-ஆம் நூற்றாண்டில் கோஸ்த்யாதா என்ற பெண் தன்னைச் சேர்ந்தவர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தை அம்மையார் விளக்கினார். தகப்பனாரும் உறவினரும் தனக்கு அளித்த சொத்தைக் கணவன் வைத்துக்கொண்டு, தன்னை விலக்கி வேறொருத்தியைக் கொண்டுவந்துவிட்டான் என்று முறையிட்டு, உடனே வரும்படி வேண்டியிருக்கிறாள். எங்கள் கோஷ்டியிலிருந்த பெண்மணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்புக்கு அவசியமில்லாத துயரம் அது.

கடைசியாக ஓன்ஃபிம். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த, ஆறு ஏழு வயதிருக்கக்கூடிய பையன். 1956-ஆம் வருஷத்தில் அவனுடைய பாடப் பட்டைகள் ஒரு குவியலாக அகப்பட்டன. அரிச்சுவடியை எழுதுகிறான், உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் சேர்த்துக் கூட்டெழுத்துப் பழகுகிறான். சிறிது நேரத்தில் அலுத்துவிடுகிறது. குதிரைமேல் ஏறி எதிரியை ஈட்டியால் குத்தும் வீரனை வரைந்து, பக்கத்தில் தன் பெயரையே எழுதிக்கொள்கிறான். மற்றொரு பட்டையில் ஒரு மிருகம். அந்த மிருகம் தானே என்றும் எழுதி வைத்திருக்கிறான். தன் சிநேகிதனுக்கு நமஸ்காரம் வேறு. அவற்றின் படங்களைக் கண்டதும் எங்கள் குழந்தைகளில் ஒருவன், "இந்தப் பையனை வாத்தியார் அடித்தாரா?" என்று கேட்டான். "அது மட்டும் எந்தப் பட்டையிலும் எழுதியிருக்கவில்லை" என்றார் அம்மையார். அன்று முழுவதும் அவர் சிரித்தது அப்போது ஒரு முறைதான்.

பட்டை சொல்லும் பாடம்

நோவ்கரோட் ஜனங்கள் உயிரினும் மேலாக மதித்தது மணியை. அதனால் வென்றவன் அதைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போக முடிந்தது. அவர்கள் படித்துவிட்டுத் தெருவில் எறிந்தது பட்டையை. அதை எந்த அரசனும் பறிமுதல் செய்ய நினைக்கவில்லை. சேறு அதை ஐந்நூறு, எண்ணூறு வருஷம் காப்பாற்றிற்று. இன்று அந்நகரத்து ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு, சபையில் முழங்கிய பெரியவர்களைக் காட்டிலும், கணக்கெழுதிய கடைக்காரனும் முறையிட்ட மனைவியும் கிறுக்கிய பையனும் நல்ல சாட்சிகளாக இருக்கிறார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. சுதந்திரத்துக்கு மணி வேண்டும். ஆனால் மணி மட்டும் போதாது. மணியின் கயிறு சில குடும்பங்களின் கையில் சிக்கிக்கொண்டால், அது கழற்றப்படும் நாளில் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். நோவ்கரோட்டின் வீழ்ச்சி கற்பிப்பது இது. எழுத்தோ அப்படிப்பட்டதன்று. அது எந்த மாடத்திலும் தொங்குவதில்லை. வீடுதோறும், அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் கிடக்கிறது. எழுதத் தெரிந்த மனைவிக்கு நியாயம் கேட்க ஒரு வழி இருக்கிறது. எழுதத் தெரிந்த பையனுக்குத் தன் பெயரைத் தானே இட்டுக்கொள்ளும் தைரியம் இருக்கிறது. ஒரு ஜனசமூகத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் கோட்டையையும் கொத்தளத்தையும் அளந்து பார்ப்பதுடன் நின்றுவிடக் கூடாது. அந்த ஊரில் ஏழு வயதுப் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று விசாரிக்க வேண்டும்.